மீனவருக்கு எத்தனை மதிப்பெண்?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சாலேயே கதை வளர்க்கும் விளையாட்டு, 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழியாகப் பரவியது. பூதமும் மந்திரமும் வருவதால் 1980-களில் அங்குள்ள கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் அஞ்சினர். நாம் கவனிக்க விழைவது வேறொன்று.

வலிமை, லாகவம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என இதில் ஆறு ஆற்றல்கள். மூன்று பகடைகளை உருட்டினால் 3 முதல் 18 வரை விழும், சராசரி பத்தரை. வீரர்களாகப் பிள்ளைகள் ஆடுவர். வழியில் எதிர்ப்படும் மற்ற மாந்தருக்குக் கதையை நடத்துபவரே மதிப்பெண் இடவேண்டும். எளியோர்க்கு எல்லாவற்றிலும் 10 என்பது 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் வழக்கம்.

கதை நம் மயிலையில் நடப்பதாகக் கொள்வோம். நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவர் வருகிறார். பள்ளி செல்லாதவர்தானே என்று அறிவுக்கும் விவேகத்துக்கும் 6 இடப் பிள்ளையின் கை துணியும். அவர் சார்பில் உருட்டும் பகடையில் 2 குறைந்துவிடும். காற்றையும் நீரோட்டத்தையும் கண்டே கடலைக் கணிப்பவருக்கு விவேகம் 15 தகாதா? தகுமெனில் 2 கூடும். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கூவி விற்பவரின் வசீகரத்துக்குப் பத்து போதுமா? (அங்கே பை நிறைய வாங்கித் திரும்பியோர் சொல்லட்டும்!)

வீரர்கள் வலுப்பெறுந்தோறும் வாயிற்காவலரையும் வலுவாக்குவோர் உண்டு. நமக்கு அது உவப்பில்லை. தாலந்து உவமையிலும் ஐந்து, இரண்டு, ஒன்று என அவரவர் திறன் கண்டே அளிக்கப்பட்டது, அடுத்தவரைப் பார்த்தன்று.

விடுமுறையில் உங்கள் அடையாற்று வீட்டில் இவ்வாட்டம் நடந்தால், மீனவருக்கு எத்தனை இட்டாய், ஏன் என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.