பிசகினால் வரும் பலம்

செப்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டத் தட்ட அது விறைத்துக்கொண்டே வருவதையும், இனித் தட்டினால் வெடித்துவிடும் என்ற நிலையில் உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சினால் மறுபடியும் இளகிக் கொடுப்பதையும் கன்னார் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். காரணம் மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரையில் யாருக்கும் விளங்கவில்லை.

உலோகம் ஸ்படிகங்களாலானது, அவற்றுள் அணுக்கள் ஒழுங்கான தளங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தளம் முழுவதும் மற்றொன்றின்மீது ஒரேயடியாக வழுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் ருஷ்ய விஞ்ஞானி பிரெங்கல் கணக்கிட்டார். தூய செம்பின் ஒற்றை ஸ்படிகமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசைக்கே வளைந்து கொடுக்கிறது. இந்த முரண்பாட்டுக்கு 1934இல் டெய்லர், ஒரோவான், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே கண்ட விடை ஒன்றே: அடுக்கின் நடுவே ஒரு தளம் பாதியில் நின்றுபோயிருக்கும் பிசகுகள் ஸ்படிகத்தில் உண்டு, விரித்த ஜமக்காளத்தை முழுவதுமாக இழுக்காமல், ஒரு மடிப்பை உண்டாக்கி அதை மறுமுனைவரை தள்ளி நகர்த்துவதுபோல, அப்பிசகு வரிசை வரிசையாக நகர்வதால்தான் உலோகம் சொற்ப விசைக்கு இணங்குகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் அனுமானமாகவே இருந்த இதை, 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ் முதலானோர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், மெல்லிய அலுமினியத் தகட்டில், நகர நகரக் கண்ணாரக் கண்டார்கள். விஞ்ஞான சரித்திரத்தில் இத்தகைய பாக்கியம் எல்லா அனுமானத்துக்கும் வாய்ப்பதில்லை.

மிருதுவாக்கும் பிசகே கடினத்துக்கும் காரணமாவது எப்படி? நன்கு காய்ச்சி ஆறவிட்ட செம்பில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பைச் சில பத்து லட்சம் பிசகுகள் ஊடுருவிச் செல்லும். அடிபட்ட செம்பிலோ அவை லட்சம் கோடி வரையில் பெருகி, ஒன்றன் வழியில் ஒன்று குறுக்கிட்டுச் சிக்கிக்கொண்டு, எதுவும் நகர முடியாதபடி நின்றுவிடுகின்றன. உலையின் உஷ்ணம் அணுக்களுக்குச் சலனம் தந்து, சிக்கலற்ற புதிய ஸ்படிகங்களைப் பிறப்பிக்கிறது.

அந்நிய அணுக்களாலும் பிசகைத் தடுக்கலாம். செம்பு கலந்த அலுமினியத்தைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துச் சும்மா வைத்தாலே அது நாளடைவில் கடினமாவதை ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் 1906இல் கண்டார். ஆகாய விமானங்களுக்கு உதவிய டூராலுமின் அப்படிப் பிறந்தது. உள்ளே செப்பணுக்கள் நுண்ணிய திரள்களாகக் கூடிப் பிசகுகளை மறிக்கின்றன என்பதை 1938இல் கினியே, பிரெஸ்டன் இருவரும் எக்ஸ் கதிர்களால் துலக்கினார்கள். அத்திரள்கள் மிகப் பெருத்து ஒன்றுக்கொன்று விலகிவிட்டால், பிசகுகள் இடைவெளியில் வளைந்து நழுவிவிடும், கடினமும் குறையும். ஆகையால் கலவையை எந்தச் சூட்டில் எத்தனை நாழிகை வைப்பது என்பதையே பட்டறைகளில் அத்தனை ஜாக்கிரதையாகக் கவனிக்கிறார்கள்.