சிம்கோ ஏரியில் இருவர்: ஒரு பனிக்காலக் கணக்கு

டொரான்டோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார் பயணம். சிம்கோ ஏரி வந்துவிடும். பரப்பு 722 சதுர கிலோமீட்டர். குளிர் முற்றியதும் ஏரி உறைந்து, அதன்மேல் கூடாரங்கள் எழும்பும். பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போட வருவோருக்கு இது பெயர்பெற்ற இடம். ஸ்காபரோ, மார்க்கம் தமிழர்களுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவுதான். நண்பரோடு முதன்முறை கிளம்புகிறவர் செலவைத்தான் முதலில் கேட்பார். அதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

கனம்

பனிக்கட்டியின் கனத்துக்குக் கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவுகள்:

- ஒருவர் நடக்க: 15 செ.மீ.
- பலர் கூட: 20 செ.மீ.
- ஸ்னோமொபைல் ஓட்ட: 25 செ.மீ.

இவை தெளிந்த நீலநிறக் கட்டிக்கு மட்டும். பனி கலந்து வெளுத்த கட்டிக்கு வலிமை ஏறக்குறைய பாதிதான். ஆகவே 15 என்பதை 30 என்று கொள்ள வேண்டும். சாம்பல் நிறக் கட்டியில் காலே வைக்கக் கூடாது.

ஒரே ஏரியிலும் கனம் இடத்துக்கு இடம் மாறும். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாகிறது. மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்கி, அடிவரை அந்த 4 டிகிரி எட்டிய பிறகே மேற்பரப்பு உறையத் தொடங்கும். ஆகவே ஆழம் குறைந்த குக்ஸ் விரிகுடா முதலில் உறைகிறது. சுமார் 41 மீட்டர் ஆழமுள்ள கெம்பன்ஃபெல்ட் விரிகுடா தாமதிக்கிறது.

துளை

ஆளுக்கு 2 தூண்டில், இருவருக்கு 4 துளை. 30 செ.மீ. கனத்தில் 20 செ.மீ. அகலத் துளை ஒன்றுக்கு 8.6 கிலோ கட்டியைக் குடைந்தெடுக்க வேண்டும், நான்குக்கு 34.6 கிலோ. அகலத்தை 15 செ.மீ. ஆக்கினால் மொத்தமே 19.4 கிலோதான். பெர்ச் மீனுக்கு அந்த அகலம் தாராளம். கைத்துளைப்பான் சுற்றும் தோளுக்கு 15 கிலோ மிச்சம்.

உரிமம்

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்டாரியோவாசிக்கு:

- அவுட்டோர்ஸ் கார்டு (3 ஆண்டுக்கு): 8.57 டாலர்
- முழு உரிமம் (1 ஆண்டுக்கு): 26.57 டாலர், பெர்ச் வரம்பு 50
- பாதுகாப்பு (கன்சர்வேஷன்) உரிமம் (1 ஆண்டுக்கு): 15.07 டாலர், பெர்ச் வரம்பு 25

இருவரும் முழு உரிமம் எடுத்தால் கார்டும் சேர்த்து முதல் ஆண்டுச் செலவு 70.28 டாலர், பாதுகாப்பு உரிமம் என்றால் 47.28. மிச்சம் 23 டாலர். இருவர் வீட்டுக்கும் சேர்த்து 50 பெர்ச் போதாதா? குறைவாகப் பிடிப்பது ஏரிக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

நண்பர்

மனிடோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், பனிநீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்றொரு கணக்கைச் சொல்கிறார். மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம்.

தனியாகப் போனவருக்கு அந்த 10 நிமிடமே மொத்தக் கையிருப்பு. கயிறோடு எட்ட நிற்கும் நண்பர் இருந்தால், அதற்குப் பிறகான நேரமும் காப்பாற்ற உதவும். எனவே நடக்கும்போது இருவரும் இடைவெளி விட்டே நடக்க வேண்டும். கயிறு ஒருவர் பையிலேயே முடங்காமல் ஆளுக்கொன்று இருக்க வேண்டும்.

செலவுப் பட்டியலில் நண்பருக்கு விலை கிடையாது. ஆனாலும் தூண்டில், கூடாரம், துளைப்பான் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டிய பெயர் அவருடையதுதான். அவருக்கு வர முடியாத நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.