பாராலீகல் உரிமம் கிடைத்த பிறகு வருமானம் எங்கிருந்து வரும்?

ஒன்ராறியோவில் பாராலீகல் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளும், தொழிற்சாலை வேலையை விட்டு மாற நினைக்கும் நடுவயதினரும் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். இணையத்தில் தேடினால் பல வேளைகளில் அமெரிக்கக் கணக்கே முன்னால் வந்து நிற்கும். அங்கே பாராலீகல்கள், சட்ட உதவியாளர்களின் நடு ஊதியம் 2024 மே மாத நிலவரப்படி ஆண்டுக்கு 61,010 அமெரிக்க டொலர். அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே கல்லூரிக் கட்டணம் கட்டுவது தவறு. அமெரிக்காவில் பாராலீகல் என்பவர் பெரும்பாலும் ஒரு சட்டத்தரணியின் மேற்பார்வையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஒன்ராறியோவில் அவர் தன் பெயரில் உரிமம் பெறுகிறார், தானே கட்சிக்காரரை ஏற்கிறார், நீதிபதி முன் தானே எழுந்து பேசுகிறார். ஆகவே இங்கே கேட்க வேண்டியது சம்பளத்தைப் பற்றி மட்டுமல்ல. கோப்புகள் யாரிடமிருந்து வரும், எந்த வகைக் கோப்பு எப்படிப் பணம் தரும் என்பதையும் கேட்க வேண்டும்.

இந்த உரிமம் எளிதில் வந்ததல்ல. வீதிப் போக்குவரத்து ரிக்கற்றுகளை எதிர்த்து வாதாட முன்னாள் பொலிஸ்காரர் ஒருவர் தொடங்கிய நிறுவனம் 1987இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. சட்டத்தரணி அல்லாதவர் கட்டணம் வாங்கிக்கொண்டு இத்தகைய வழக்குகளில் ஆஜராகலாம் என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு தேர்வும் இல்லை, பயிற்சியும் இல்லை, கேட்க ஆளும் இல்லாத ஒரு தொழில் நெடுங்காலம் நடந்தது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி பீற்றர் கோரி 2000ஆம் ஆண்டு இதை ஒழுங்குபடுத்தச் சொல்லி அறிக்கை கொடுத்தார். 2006இல் சட்டம் நிறைவேறியது. 2007 மே 1 முதல் ஒன்ராறியோ சட்டச் சங்கமே சட்டத்தரணிகளைப் போல பாராலீகல்களுக்கும் உரிமம் கொடுக்கிறது. வட அமெரிக்காவில் இதற்கு முன்னுதாரணம் இருக்கவில்லை.

சட்டச் சங்கம் அங்கீகரித்த கல்லூரிப் படிப்பு, குறைந்தது 120 மணி நேரக் களப் பயிற்சி, உரிமத் தேர்வு, நன்னடத்தை விசாரணை என்பன வழியிலுள்ள படிகள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். அதனால் அது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. எங்கே தேடுவது என்று தெரியாதவருக்கு நேரம் போதாது. சொந்தமாகத் தொழில் நடத்துபவர் ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் டொலர், மொத்தமாக 20 லட்சம் டொலர் என்ற அளவிலாவது பிழைக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். இத்துடன் ஆண்டுக் கட்டணமும், ஆண்டுக்கு 12 மணி நேரத் தொடர் கல்வியும் உண்டு.

எந்த வேலை எப்படிப் பணம் தருகிறது என்பதில்தான் விளக்கம் அதிகம் தேவை.

வேகக் கட்டுப்பாடு, சிவப்பு விளக்கு, காப்புறுதியில்லா வாகனம் போன்ற மாகாணக் குற்ற வழக்குகள் பலருக்கும் முதல் படி. இவற்றில் ‘வென்றால் மட்டும் பணம்’ என்று பேசிக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. பெரும்பாலும் ஒரு ரிக்கற்றுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகைதான். ஒரு கோப்பில் வருவது குறைவு, ஆகவே எண்ணிக்கை வேண்டும். ஒரே நாளில் ஒரே நீதிமன்றத்தில் பல வழக்குகளை வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும். ஒரு வழக்குக்காக நியூமார்க்கற் வரை காரோட்டிப் போய் வருபவருக்குக் கட்டாது. இந்தச் சந்தை சுருங்கவும் கூடும்: ரொறன்ரோவில் வாகனத் தரிப்பு ரிக்கற்றுகள் 2017இலேயே நீதிமன்றத்தை விட்டு நிர்வாக அபராத முறைக்குப் போய்விட்டன.

சிறுகோரிக்கை நீதிமன்றத்தின் கதை இதற்கு நேர்மாறு. 2010இல் அதன் வரம்பு 25,000 டொலர். 2020இல் 35,000 ஆனது. 2025 ஒக்ரோபர் முதல் 50,000. முன்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய், பாராலீகலின் கைக்கு எட்டாமலிருந்த ஒப்பந்தக்காரர் தகராறுகளும் கடன் வழக்குகளும் இன்று அவருக்குத் திறந்திருக்கின்றன. இங்கே கட்டணத்துக்கு ஓர் இயல்பான எல்லையும் உண்டு. வென்றவருக்குத் தோற்றவர் கொடுக்க வேண்டிய பிரதிநிதித்துவச் செலவு, பொதுவாகக் கோரிய தொகையின் 15 விழுக்காட்டைத் தாண்டாது. 20,000 டொலர் வழக்கில் அது அதிகபட்சம் 3,000. பாராலீகல் 5,000 வாங்கினால் மீதி 2,000 கட்சிக்காரரின் சொந்தப் பணம். நேர்மையான பாராலீகல் இந்தக் கணக்கை முதல் சந்திப்பிலேயே தாளில் எழுதிக் காட்டிவிடுவார். கேட்டும் காட்டாதவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

வீட்டு உரிமையாளர் – வாடகைக்காரர் சபை நம் சமூகத்துக்கு மிக நெருக்கமான இடம். ஸ்காபரோவில் வீட்டுக்கடன் கட்டப் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டவரும், அந்தப் பேஸ்மென்ற்றில் குடியிருப்பவரும் தமிழராகவே இருப்பதைப் பார்க்கிறோம். வாடகை நிலுவைக்கான என்4 அறிவித்தலில் தொகையோ திகதியோ பிழையாக இருந்தால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். பிறகு மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி தொடங்க வேண்டும். சரியாக நிரப்பப்பட்ட ஒரு தாளின் மதிப்பு இங்கே அவ்வளவு. பல கட்டடங்களை வைத்திருக்கும் உரிமையாளர்கள் தொடர்ந்து கோப்புக் கொடுப்பார்கள் என்பதால், வருமானத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பக்கம் உறுதியானது. வாடகைக்காரர் பக்கம் நிற்பவருக்கு அந்த உறுதி இல்லை. ஆனால் பாராலீகல் உரிமத்தைக் கொண்டுவந்தபோது சொல்லப்பட்ட நோக்கம் சாதாரண மக்களுக்கு நீதியை எட்டச் செய்வது. அந்த நோக்கம் வாடகைக்காரரின் கோப்பில்தான் அதிகம் நிறைவேறுகிறது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு பக்கமும் கோப்பு எடுக்கும் பாராலீகல்களை நான் மதிக்கிறேன்.

வாகன விபத்துக்குப் பின் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய பயன்கள் மறுக்கப்பட்டால், 2016 ஏப்ரல் முதல் அந்தத் தகராறு உரிம மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. பாராலீகல் அங்கே வாதாடலாம், வென்றால் விழுக்காடு என்றும் பேசிக்கொள்ளலாம். ஆனால் பேரிழப்பு என்று சட்டம் சொல்லும் அளவு காயமுற்றவரின் கோரிக்கையை அவர் எடுக்கக் கூடாது. சிறுகாயம் என்று வகைப்படுத்தப்பட்டால் சிகிச்சைக்கு 3,500 டொலர்தான் உச்சம். அந்த வகையிலிருந்து கட்சிக்காரரை வெளியே கொண்டுவருவதில்தான் வாதமே இருக்கிறது. பணம் கைக்கு வரும்வரை மாதங்கள் ஓடும். வாடகை கட்டிக் காத்திருக்கும் வசதியில்லாத புதிய பாராலீகல் இந்த வேலையை மட்டும் நம்பித் தனி அலுவலகம் போடக் கூடாது.

அகதிக் கோரிக்கை விசாரணையில் குடிவரவு, அகதிகள் சபை முன் பாராலீகல் ஆஜராகலாம். ஸ்பொன்சர் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது இந்த உரிமத்துக்குள் வராது. உயில், வீடு விற்பனை, விவாகரத்து ஆகியவையும் அப்படியே. குடும்பச் சட்டத்தில் வரம்புக்குட்பட்ட தனி உரிமத்துக்குச் சட்டச் சங்கம் 2022இல் ஒப்புதல் கொடுத்தது. அதற்கு மேலதிகப் பயிற்சி வேண்டும்.

சொந்த அலுவலகத்தில் வங்கிக்கு வந்த பணமெல்லாம் வருமானமாகாது. கட்சிக்காரர் தரும் முன்பணம் தனி நம்பிக்கைக் கணக்கில் (trust account) இருக்க வேண்டும். வேலை செய்து, பில் கொடுத்த பிறகே அது உங்களுடையது. தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் 13 விழுக்காடு எச்எஸ்டி வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஓய்வூதியப் பங்களிப்பில் தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் உங்கள் தலையில்தான். வேலையில்லாக் காலத்தில் கைகொடுக்க ஆளில்லை.

ஆகவே தொடக்கத்தில் சம்பள வேலை தேடுவதில் குறைவொன்றும் இல்லை. மாநகரசபைகள் மாகாணக் குற்ற வழக்குகளை நடத்த வழக்குத் தொடுநர்களை எடுக்கின்றன. பாராலீகல்கள் அந்த வேலைக்குப் போகலாம். மாநகரசபை ஓய்வூதியத் திட்டமும் பல இடங்களில் சேர்ந்தே வரும். காப்புறுதி நிறுவனங்கள், பெரிய வாடகைக் கட்டட நிறுவனங்கள், ஏற்கனவே நடக்கும் பாராலீகல் அலுவலகங்கள் ஆகியவற்றிலும் இடமுண்டு. சட்டத்தரணி அலுவலகத்தில் லோ கிளார்க் ஆக வேலை செய்ய உரிமமே தேவையில்லை; வீடு வாங்கல் விற்றல் கோப்புகளில் கைதேர்ந்தவரை முதலாளிகள் விடமாட்டார்கள். நீதிமன்றத்தில் பேச விருப்பமில்லாதவர், பாராலீகல் உரிமத்துக்குச் செலவழிக்கும் முன் இந்த வழியையும் பார்க்க வேண்டும்.

நம் ஊடகங்களில் விளம்பரம் செய்து கோப்புப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அதில் ஓர் எச்சரிக்கை. ஆள் கொண்டுவந்த முகவருக்கோ, இழுவை வண்டிக்காரருக்கோ கமிஷன் கொடுக்கக் கூடாது. உரிமம் பெற்றவர் இன்னொரு உரிமம் பெற்றவருக்கு மட்டும், எழுத்தில் கட்சிக்காரரின் சம்மதத்தோடு, பரிந்துரைக் கட்டணம் கொடுக்கலாம். அதுவும் முதல் 50,000 டொலர் கட்டணத்தில் 15 விழுக்காடு, அதற்கு மேல் 5 விழுக்காடு, எவ்வளவானாலும் 25,000 டொலருக்குள். இதை மீறினால் ஒழுங்கு நடவடிக்கை வரும், உரிமமே போகலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த 120 மணி நேரப் பயிற்சியை யார் ஒழுங்கு செய்வது, கடந்த ஆண்டு மாணவர்கள் எந்த அலுவலகங்களுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். ஹம்பர், செனெகா போன்ற பொதுக் கல்லூரிகளையும் தனியார் கல்லூரிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே ஒப்பிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை மாகாணக் குற்ற நீதிமன்றத்தில் செலவிடுங்கள். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது. இடைவேளையில் வெளியே வரும் பாராலீகலிடம், தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் கோப்புகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் பாருங்கள்.