ஆட்டமும் உடலும் – 14: ஹோகனின் இரண்டாவது கண்ணாடி

பந்திலிருந்து சாய்வாக மேலெழும் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை. நடுவே தலை நுழையும் அளவுக்கு ஒரு துளை. கண்ணாடி தன் தோள்களின் மேல் படிந்திருக்க, கோல்ஃப் கிளப்பைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறார் ஆட்டக்காரர். 1957 மார்ச்சில் அமெரிக்க வார இதழான ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’, கோல்ஃப் வீரர் பென் ஹோகனின் ஐந்து பகுதித் தொடரை வெளியிடத் தொடங்கியது. ஹோகனோடு சேர்ந்து அதை எழுதியவர் ஹெர்பர்ட் வாரன் விண்ட். வரைந்தவர் அந்தோணி ரவியெல்லி. அந்தத் தொடருக்காக வரையப்பட்ட படம்தான் இது. கோல்ஃப் பயிற்சியாளர்கள் இன்றும் இதைக் காட்டித்தான் ஸ்விங்கின் தளத்தை விளக்குகிறார்கள்.

கிளப்பைப் பின்னால் தூக்கும்போது கைகள் அந்தக் கண்ணாடிக்குக் கீழேயே அதன் சாய்வை ஒட்டிப் போக வேண்டும். மேலே எகிறினால் கண்ணாடி உடையும். படம் அவ்வளவு தெளிவாக இருப்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஹோகன் அதே தொடரில் இன்னொரு கண்ணாடியைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். என் பார்வையில் அதுதான் முக்கியமானது. கிளப் கீழே இறங்கும்போது தளம் மாறுகிறது: சாய்வு சற்றுக் குறைந்து படுக்கிறது, திசையும் இலக்குக்குச் சற்று வலப்புறமாகத் திரும்புகிறது. முதல் தளத்திலிருந்து இரண்டாவதுக்குக் கிளப்பைக் கொண்டுபோவது கைகள் அல்ல, இடுப்பு. இடுப்பு இடப்பக்கம் திரும்பத் தொடங்கினால் வலத் தோள் தானாகத் தாழும், தளமும் தானாக மாறும் என்பது அவர் சொன்ன விளக்கம்.

வலக்கை ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிளப் உச்சிக்குப் போனபோது அவருடைய தோள்கள் ஏறத்தாழ 90 பாகை திரும்பியிருக்கின்றன. இடுப்பு அதில் பாதிதான். இப்போது தோள்கள் இன்னும் பின்னாலேயே இருக்க, எடை இடக்காலுக்கு நகர்ந்து இடுப்பு மட்டும் திரும்பத் தொடங்குகிறது. வலத் தோள் பந்தை நோக்கி முன்னே பாயாமல் கீழே இறங்குகிறது. வல முழங்கை விலாவை ஒட்டி வருகிறது. கிளப்பின் தண்டு சற்றுப் படுக்கிறது. குளத்து நீரின் மேல் தத்தித் தத்திப் போகும்படி ஓட்டாஞ்சில்லை வீசும் சிறுவனைக் கவனித்தால் இதே வரிசைதான் தெரியும்: கால், இடுப்பு, முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. எறியும்போது அவன் கையைத் தனியாக யோசிப்பதில்லை.

உச்சியிலிருந்து பந்துக்குக் கிளப் வந்துசேர ஏறத்தாழ கால் நொடிதான் ஆகிறது. அதற்குள் கைகளால் பாதையை யோசித்துத் திருத்த முடியாது. நல்ல ஆட்டக்காரர்களின் ஸ்விங்கை அளந்து பார்த்தால் இடுப்புதான் முதலில் தன் உச்ச வேகத்தைத் தொட்டு, பிறகு தணிகிறது. அடுத்து மார்பு, பிறகு கைகள், கடைசியாகக் கிளப். கனமானது மெதுவாக முன்னே போய், லேசானதற்கு வேகத்தைக் கைமாற்றிவிடுகிறது.

இந்த வரிசை குலைந்தால் தளமும் குலையும். புதிதாக ஆடுபவர்களிடம் இது ஓயாமல் நடக்கிறது. பந்தை ஓங்கி அடிக்க வேண்டும் என்ற துடிப்பு தோளில்தான் முதலில் எழும். தோள் முந்தினால் கிளப் தளத்துக்கு மேலே வெளிப்பக்கமாக வீசப்பட்டு, பந்தின் குறுக்கே உள்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் ஸ்லைஸ் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இன்னொரு கோளாறில், இடுப்பு திரும்புவதற்குப் பதிலாகப் பந்தை நோக்கி முன்னே தள்ளுகிறது. உடல் நிமிர்ந்து, கைகள் கடந்துபோக இடமில்லாமல் நெருங்கிவிடுகின்றன. அப்போது பந்து நேராக வலப்பக்கம் போகும், அல்லது கடைசி நேரத்தில் மணிக்கட்டு சுழன்று, பந்து இடப்பக்கம் வளையும் ஹூக் ஆகிவிடும்.

ஹோகனைப் படித்த பலர், இடுப்பை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். எடை வலக்காலிலேயே தங்கியிருக்க இடுப்பை மட்டும் சுழற்றினால் தோளும் கூடவே இழுபட்டு வெளியே வரும். தவிர்க்க நினைத்த தவறே நடந்துவிடும். எடை இடக்காலுக்கு மாறும் அளவுக்குப் பக்கவாட்டு நகர்வும் வேண்டும் என்று ஹோகன் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இதை எழுதியவரின் உடலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1949 பிப்ரவரி 2 அன்று டெக்சாஸில் ஹோகனின் காரும் எதிரே வந்த கிரேஹவுண்ட் பஸ்ஸும் நேருக்கு நேர் மோதின. மனைவியைக் காப்பாற்ற அவர் குறுக்கே பாய்ந்தார். இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. மறுபடி நடப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. 16 மாதம் கழித்து, 1950 ஜூனில், கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் ஆடினார். ஒரே நாளில் 36 குழிகள் நடந்து முடித்து, மறுநாள் மூவர் மோதிய 18 குழி ஆட்டத்தில் 69 அடிகளில் வென்றார். 1953-இல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றும் அவருக்கே. முறிந்து கூடிய இடுப்பை வைத்துக்கொண்டு இவ்வளவும் சாதித்த மனிதர், கீழ்வீச்சை இடுப்பிலிருந்து தொடங்குங்கள் என்று 1957-இல் எழுதும்போது அந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் வந்துவிடுகிறது.

முதல் கண்ணாடியை உடைத்தே பேர் வாங்கியவரும் உண்டு. ஜிம் ஃப்யூரிக் கிளப்பை ஏறக்குறைய செங்குத்தாகத் தூக்கி, உச்சியில் ஒரு வளையம் போட்டு, கீழ்த் தளத்தில் இறக்குவார். பார்க்கவே விசித்திரமாக இருக்கும். ஆனால் அடிபடும் நொடியில் அவருடைய இடுப்பு இலக்கை நோக்கி நன்றாகத் திறந்திருக்கும், கிளப்பும் சரியான தளத்தில் இருக்கும். 2003-இல் யு.எஸ். ஓப்பனை வென்ற அவர், 2016-இல் பி.ஜி.ஏ. டூர் வரலாற்றில் முதன்முறையாக 58 அடிகளில் ஒரு சுற்றை முடித்தார். ஏறும் பாதை ஆளுக்கு ஆள் மாறலாம், இறங்கும் தளத்தில் விட்டுக்கொடுக்க முடியாது என்று நான் நம்புவதற்கு அவர் ஒரு காரணம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கிளப் வேண்டாம். பின்புறம் ஒரு நாற்காலியின் முதுகை லேசாகத் தொடும்படி நின்று, இடுப்பு மூட்டிலிருந்து குனிந்து கொள்ளுங்கள். பின்வீச்சில் வலப் புட்டம் நாற்காலியில் அழுந்த வேண்டும். கீழ்வீச்சில் அந்த அழுத்தம் இடப் புட்டத்துக்கு மாற வேண்டும். நடுவில் இரண்டுமே நாற்காலியை விட்டு விலகினால் இடுப்பு முன்னே தள்ளிவிட்டது என்று அர்த்தம். முதலில் மெதுவாகவே செய்யுங்கள். இடுப்பு தொடங்கியபின் தோள் எவ்வளவு பொறுத்திருக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.