எடைக் கருவி சொல்லாதது

சின்னமனூர் அருகே வாழை பயிரிடும் நண்பர் ஒருவருக்கு ஐம்பது வயதாகிறது. உயரத்துக்கு ஏற்ற எடை. நாள்தோறும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்யும் உடல். கடந்த ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்தது. 'இன்னும் நோய் இல்லை, எல்லையில் நிற்கிறீர்கள், சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருங்கள்' என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டுப்பாடு என்பதை அவர் பட்டினி என்று புரிந்துகொண்டார். சோற்றை அடியோடு நிறுத்தினார். இரவு உணவு இரண்டு சப்பாத்தியோடு முடிந்தது. நான்கே மாதங்களில் ஏழு கிலோ குறைந்தது, கன்னம் ஒட்டியது, வாழைத்தாரைத் தூக்கும்போது கை தளர்ந்தது. பார்ப்பவர்களெல்லாம் 'சர்க்கரை வந்துவிட்டதா?' என்று கேட்கத் தொடங்கவே, பயந்துபோய் பழையபடி சோற்றுக்கே திரும்பிவிட்டார்.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலோ, மூன்று மாத நிலவரத்தைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தாலோ அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. (உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவை 110-இலிருந்துதான் கணக்கில் கொள்கிறது.) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி, முந்தைய நிலையில் இருப்போர் 13.6 கோடி என்றது அந்த ஆய்வு. நீரிழிவும் உடல்பருமனும் ரத்த அழுத்தமும் நகரங்களில் அதிகம்; முந்தைய நிலை மட்டும் அப்படியில்லை. அதில் கிராமம் நகரத்துக்குச் சளைக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் 'இது பட்டணத்து நோய்' என்று ஒதுங்கி நிற்க இனி வழியில்லை.

ஒல்லியான உடலுக்கு இது எப்படி வருகிறது? 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு நிழற்படம் வெளியானது. அதில் அருகருகே இருப்பவர்கள் புணே மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யட்கினும். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் பிரிட்டிஷ்காரரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. ஒரே எடைக்குள் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றிலும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் தங்கும் கொழுப்பு. இதனால்தான் இந்தியர்களுக்குக் குறியீடு 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் தனி வரம்பு வகுத்திருக்கிறார்கள். தையற்காரரின் அளவு நாடா, எடைக் கருவியைவிட நமக்கு நம்பகமான சாட்சி.

இங்கே தசையின் பங்கையும் சொல்ல வேண்டும். உண்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் இடம் தசை. பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். ஏற்கெனவே தசை குறைந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நண்பரின் கை சொல்லிவிட்டது.

மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து, 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இந்தக் குழப்பத்துக்கு நல்ல விளக்கம் தருகிறது. முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கண்காணித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகள் ஆனார்கள். உணவு, நடை பற்றிய தொடர் ஆலோசனை பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர். அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் அதில் உண்டு. ஆலோசனை பெற்றவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எடை அப்படியே இருக்க, நோய் தள்ளிப்போனது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஏழு விழுக்காடு எடைக் குறைப்பே இலக்காக இருந்தது உண்மைதான். ஆனால் அவர்களின் சராசரி உடல் நிறைக் குறியீடு 34. சென்னைக்காரர்களுக்கு ஏறக்குறைய 26. தொந்தி உள்ளவர் எடையைக் குறைக்கட்டும், அதில் ஐயமில்லை. ஒல்லியானவருக்கும் அதே மருந்துச் சீட்டைத் தருவதுதான் தவறு. அவர் மாற்ற வேண்டியது தட்டின் உள்ளடக்கத்தை.

அந்தத் தட்டு எப்படி இப்படி ஆனது என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வரலாறு இருக்கிறது. 1895-இல் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. இன்று அந்த நீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. பஞ்சத்தை விரட்டிய அந்த நீரைக் குறை சொல்பவன் நன்றி கெட்டவன். ஆனால் நெல் பெருகப் பெருகக் கம்பும் கேழ்வரகும் சோளமும் தட்டிலிருந்து விலகின. ஆலைகள் வந்தபின் அரிசியிலிருந்து தவிடும் விலகியது. கும்பா நிறையச் சோறு, தொட்டுக்கொள்ளச் சிறிது வெஞ்சனம் என்பதே வழக்கமாயிற்று. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. நண்பரின் சப்பாத்தியும், இப்போது நாகரிகமாகிவிட்ட குழையக் காய்ச்சிய கம்பங்கூழும் இந்தக் கணக்கில் அடங்கும். மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பயறு, பால் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றியபோதுதான் ஆபத்து குறைவாகக் காணப்பட்டது.

அப்படியானால், எடை இழக்காமல் சோற்றைக் குறைப்பது எப்படி? ஒரு கிண்ணம் சோறு, அதாவது 150 கிராம், ஏறத்தாழ 200 கலோரி. ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம், சுமார் 170 கலோரி. கூடவே ஏழெட்டு கிராம் புரதம். ஒரு கிண்ணம் சோற்றைக் குறைத்துக் கடலையை அவித்து உண்டால் எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும், சர்க்கரை ஏற்றம் தணியும். ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு மானாவாரிக் காடுகளில் விளையும் மொச்சையும் தட்டைப்பயறும் இதற்காகவே விளைவன போலிருக்கின்றன. மொச்சைக் குழம்பில் மொச்சை நிறையவும் குழம்பு அளவாகவும் இருக்கட்டும். முட்டை, மோர், மீன் எது இயலுமோ அது சேரட்டும். முதலில் காய், பயறு. பிறகு சோறு என்று உண்ணும் வரிசையை மாற்றினாலே உணவுக்குப் பிந்தைய ஏற்றம் குறைகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை விலக்க வேண்டியதில்லை; நாளொன்றுக்கு நூறு கிராம் பழம் என்ற கணக்குக்குள் உண்ணலாம். சாறாகப் பிழிந்து குடிப்பதுதான் வேண்டாம். ஆனால், உணவைக் குறைக்காமலே எடை இறங்கினால், தாகமும் சிறுநீரும் அதிகரித்தால், அதைக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று எண்ணாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது நீரிழிவு முற்றியதாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைத்தெரு விலையைப் பேசாமல் விடுவது நேர்மையன்று. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் பத்து கிலோ பருப்பு வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசி 20 கிலோ வரை விலையின்றிக் கிடைக்கிறது. மானிய விலைத் துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ. இலவச அரிசி பசியை ஒழித்த திட்டம். அதில் கை வைக்கச் சொல்லவில்லை. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023-இல் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். அதே முறையில், விரும்புவோர் அரிசியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொச்சையோ தட்டைப்பயறோ பெற்றுக்கொள்ளலாம் என்று தேனி மாவட்டத்தில் ஏன் தொடங்கக் கூடாது? மானாவாரி விவசாயிக்கும் அது உறுதியான கொள்முதலாகும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாக வரும் பணியாளர்கள், சர்க்கரை அளவோடு இடுப்பளவையும் குறித்து, 'எதைக் குறைப்பது' என்பதோடு 'எதைக் கூட்டுவது' என்றும் சொல்லிவிட்டுப் போகலாம்.

நண்பர் இப்போது மதியம் ஒரு கிண்ணம் சோறும் இரண்டு கரண்டி அவித்த பயறும் உண்கிறார்; மாலையில் தேநீருக்குச் சர்க்கரை இல்லை, கடலை உண்டு. இழந்த ஏழு கிலோவில் நான்கு திரும்பியிருக்கிறது, இடுப்பளவு கூடவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையைத் தை மாதம், மொச்சை அறுவடை முடிந்ததும் எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.