குடலிறக்கமும் குணமடையும் காலமும்

திருப்பத்தூருக்குக் கிழக்கே, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து ஜவ்வாது மலைமீது ஏறிச் சேரவேண்டிய புதூர்நாட்டில், சாமை விதைத்தும், பலாவும் புளியும் பறித்தும், விறகும் தண்ணீரும் சுமந்தும் ஜீவனம் நடத்துகிற மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சுமை என்பது அன்றாட வாழ்வினின்றும் பிரிக்க முடியாத ஒன்று. ஆகையால், குடலிறக்கத்துக்குச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு மலைக்குத் திரும்புகிற ஒருவர், வலி எப்போது தீரும் என்பதைக் காட்டிலும், சுமை எப்போது தூக்கலாம் என்பதையே முதலில் அறிய விரும்புவது இயல்பு. மூன்று மாதம் அசையாமல் கிட என்பது பெரியவர்கள் சொல்லும் விடை. நாலு நாளில் எழுந்து உன் வேலையைப் பார் என்பது புதிய வைத்திய நூல்கள் சொல்லும் விடை. இவ்விரண்டில் எதை நம்புவது என்று தீர்மானிப்பதற்கு முன்னால், அறுத்துத் தைத்த இடத்தில் தேகம் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயிற்றின் முன்சுவர் தசைகளாலும் உறுதியான நார்ப்படலங்களாலும் அமைந்தது. ஆயினும் அது எங்கும் ஒரே பலமுடையதன்று. ஆண் சிசுவின் விரைகள் முதலில் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகங்களின் அருகில் தோன்றி, பிறப்பதற்கு முன்பாகத் தொடை இடுக்கின் வழியே கீழிறங்கி வருகின்றன; அவை வந்த வழி முற்றும் அடைபடாமல் போவதாலோ, அடைபட்ட பின்னும் அவ்விடம் வயது முதிர முதிர நலிவதாலோ, உள்ளிருக்கும் கொழுப்பும் குடலும் அங்கே பிதுங்கி வெளியே தலைகாட்டுகின்றன; இதுவே தொடையிடுக்குக் குடலிறக்கம். பெண்களுக்கு அந்த வழி மிகவும் குறுகியது. வாழ்நாளில் இதற்காகச் சிகிச்சை செய்துகொள்ள நேர்வோர் ஆண்களில் நூற்றுக்கு 27 பேர், பெண்களில் நூற்றுக்கு 3 பேர் என்று இங்கிலாந்தில் எடுத்த ஒரு கணக்குக் கூறுகிறது. தொப்புளிலும், முன்பு வேறு சிகிச்சைக்காக அறுத்த தழும்பிலும் தோன்றுகிற குடலிறக்கங்கள் தனி வகை.

பலவீனமான இடம் இருந்தால் மட்டும் போதாது. உள்ளிருந்து தள்ளுகிற விசையும் வேண்டும். நாள்பட்ட இருமல், மலம் கழிக்க முக்குதல், பாரம் தூக்குதல் ஆகியவை அந்த விசையைத் தருகின்றன. இதை முன்னோரும் கவனித்திருந்தார்கள். ஏழு வகை விருத்தி ரோகங்களைக் கூறுகிற சுசுருத சம்ஹிதை, குடல் இறங்குகிற அந்திரவிருத்திக்குக் காரணமாகப் பாரம் சுமப்பதையும், தன்னிலும் வலியவனோடு மல்லுக்கு நிற்பதையும், மரத்திலிருந்து விழுவதையும் கூறுகிறது. புளியமரம் ஏறுகிறவர்களும் விறகுக் கட்டுச் சுமக்கிறவர்களும் வாழ்கிற மலையில் அந்தப் பட்டியல் இன்றும் பழையதாகிவிடவில்லை.

வீங்கிய இடத்தைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் காலம் தள்ளுவோர் பலர். ஆனால் கச்சு எதுவும் திறந்த வழியை அடைக்காது, மருந்தும் அடைக்காது. வழியை அடைக்கும் உபாயத்தைச் செம்மையாக வகுத்தவர், இத்தாலியில் பாதுவா நகரத்து ரண வைத்தியரான எதுவார்தோ பாசினி. 1887-இல் அவர் வெளியிட்ட முறை நூறாண்டுக் காலம் வைத்தியர்களுக்கு வழிகாட்டியாக நின்றது. அம்முறையில் தசையின் இரு விளிம்புகளையும் இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். நைந்த வேட்டியின் கிழிசலை இரு பக்கமும் இழுத்துத் தைத்தால் தையலின் ஓரத்திலேயே மறுபடி கிழிவதைப் போல, இழுபட்ட தசையும் சில வேளை விட்டுக்கொடுத்துவிடும். அவ்வாறன்றி, கிழிசலின்மேல் ஒட்டுத்துணி வைத்துத் தைப்பதே நலம் என்னும் யுக்தியை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ரண வைத்தியர் லிக்டன்ஸ்டைன் 1980-களில் பிரசித்தப்படுத்தினார். பாலிப்ரொப்பிலீன் இழையால் பின்னிய, உள்ளங்கை அகலமுள்ள ஒரு வலையே அந்த ஒட்டு.

இந்த வலையைக் குறித்து நம் நாட்டவர் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. மகாராஷ்டிரத்தில் தொண்டாயிச்சா என்னும் சிற்றூரில் வைத்தியம் செய்த டோங்காவ்ங்கர் என்ற கிராமத்து ரண வைத்தியர், அயல்நாட்டு வலையின் விலை ஏழைகளுக்கு எட்டாததைக் கண்டு, கொசுவலைத் துணியையே வெட்டிச் சுத்திகரித்து உபயோகித்துப் பார்த்தார். 2003-இல் அதன் பலன்களை இந்திய ரண வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். நகைத்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் கொசுவலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டுச் செய்த பரீட்சையின் முடிவு 2016-இல் வெளிவந்தபோது, ஓராண்டுக்குப் பின் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை என்பது நிரூபணமாயிற்று.

வலையை வைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் துவாரங்களினூடே தேகத்தின் உயிரணுக்கள் நுழைந்து, கொலாஜன் என்னும் நாரை நெய்து, வலையையும் தசையையும் ஒன்றாக்குகின்றன. பல வாரங்கள் நடைபெறுகிற இந்த நெசவு பூர்த்தியாகும் வரையில், வலை தைத்த நூலின் பிடியிலேயே நிற்கிறது. சாதாரணமாக ஒரு ரணம் மூன்றாம் வாரத்தில் தன் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்கையும், மூன்றாம் மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கையும் அடைகிறது என்பர். வலி போய்விடுவதோ அதற்கு வெகு முன்னரே. வலி போன பிறகும் உள்வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதை உணர்ந்துகொண்டால், வைத்தியர் விதிக்கிற கட்டுப்பாடுகளில் பாதியின் நியாயம் தானாக விளங்கும்.

மற்றப் பாதி வெறும் பயம். கனடாவில் டொராண்டோ நகரத்தில் 1945-இல் குடலிறக்கத்துக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவிய எர்ல் ஷோல்டைஸ், நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கவைக்கும் அக்கால வழக்கத்தை உதறி, சிகிச்சை மேஜையிலிருந்தே இறங்கி நடக்கச் செய்தார். அவர்களுக்குத் தீங்கு நேராததோடு, சீக்கிரமாகவே குணமும் கிட்டிற்று. அசையாமல் கிடப்பவனுக்குக் காலின் ரத்தம் உறைந்து கட்டியாகலாம், மூச்சுப்பையில் சளி தங்கலாம், மலம் இறுகும். 2018-இல் பல நாட்டு வைத்தியர்கள் கூடி வகுத்த நெறிகளும், சிக்கலில்லாத தொடையிடுக்குச் சிகிச்சைக்குப் பின் நீண்ட ஓய்வு அவசியமில்லை, இயன்ற வேலையை விரைவில் தொடங்கலாம் என்றே கூறுகின்றன. என் அபிப்பிராயத்தில் நடையைப் பொறுத்தவரை இது முழுவதும் சரி. சுமையைப் பொறுத்தவரை, மேஜைமுன் அமர்ந்து எழுதுகிறவரையும் மேட்டில் விறகுக் கட்டுடன் ஏறுகிறவரையும் ஒரே விதியில் அடக்குவது சரியன்று. சிகிச்சையன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் முற்றத்திலும் சமனான தெருவிலும் நாளுக்கு நாள் நடையைக் கூட்டலாம். தண்ணீர்க் குடம், தலைச்சுமை, உலக்கை, மண்வெட்டி, மரமேறுதல் ஆகியவற்றை நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஒத்திவைப்பதே விவேகம். பெண்களுக்கு இந்த விதி இரு மடங்கு அவசியம். ஏனெனில் குடமும் விறகும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விடிகின்றன. வீட்டிலுள்ள ஆண்கள் இரண்டொரு மாதம் தண்ணீர் எடுப்பதால் குலம் ஒன்றும் குறைந்துவிடாது.

சுமையைக்கூட மனிதன் தன் புத்தியால் தவிர்த்துவிடலாம். இருமலும் மலச்சிக்கலும் கேட்காமல் வருகிற சத்துருக்கள். சில வலிமருந்துகள் மலத்தை இறுக்கும். பட்டினியும் படுக்கையும் மலச்சிக்கலை வளர்க்கும். ஒரு முறை பலமாக முக்குவது வயிற்றுச்சுவருக்குத் தருகிற அழுத்தம் சாமானியமானதன்று. ஆகையால் தண்ணீர் நிறையக் குடித்து, கீரையும் பழமும் சாமைச் சோறும் உண்டு, அப்படியும் இளகாவிட்டால் வைத்தியர் தருகிற பேதி மருந்தைக் கூச்சமின்றி வாங்கிச் சாப்பிட வேண்டும். இருமலோ தும்மலோ வரும்போது, ஒரு சிறு தலையணையையோ மடித்த துண்டையோ தைத்த இடத்தின்மேல் இரு கைகளாலும் அழுத்திக்கொள்வது பாதி வலியைத் தடுத்துவிடும். பீடி இருமலை வளர்ப்பதோடு, ரணம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழலாகாது. ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

பத்தியம் என்ற பெயரால் நம் வீடுகளில் நடக்கிற கொடுமையைச் சொல்லாமல் விட மனமில்லை. முட்டை கூடாது, பருப்பு கூடாது, புளிப்பு கூடாது என்று விலக்கி, வெறுங்கஞ்சி கொடுத்து, ரணத்தை ஆற்றும் நாருக்கு வேண்டிய சரக்கையே நிறுத்திவிடுகிறார்கள். கொலாஜன் உண்டாவதற்குப் புரதமும், ‘சி’ ஜீவசத்தும் வேண்டும். 1740-இல் ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவரோடு உலகைச் சுற்றப் புறப்பட்ட மாலுமிகளில் ஒருவருக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யுத்தத்தில் பட்டு முழுதும் ஆறிப்போயிருந்த காயம், பசுமையான ஆகாரம் கிடைக்காமல் ஸ்கர்வி கண்டபோது, புதுக்காயமாக மீண்டும் திறந்துகொண்டதாம். ஆறிய தழும்பையும் தேகம் நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் முருங்கைக்கீரையும் அந்த ஜீவசத்தைத் தாராளமாகத் தருவன. நீரிழிவு உள்ளவர் மட்டும் சர்க்கரையின் அளவைக் கவனித்து உண்ண வேண்டும்.

முதல் வாரத்தில் விரைப்பை வீங்கிக் கறுநீலமாகக் காண்பதும், தையலின் கீழே கெட்டியான ஒரு மேடு தட்டுப்படுவதும், தோல் மரத்துப்போவதும் பலருக்கு நேர்கிறவை. குடல் மறுபடி இறங்கிவிட்டதென்று கலங்க வேண்டாம். மேடு சில வாரங்களில் கரையும். மரப்பு நீங்கச் சில மாதங்கள் ஆகலாம். குளிப்பதை வைத்தியர் சொன்ன நாளில் தொடங்கலாம்; ஆனால் மஞ்சளோ பச்சிலையோ சாம்பலோ தையலின்மேல் அப்பலாகாது. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பவும், திடீரென்று பிரேக் அழுத்தவும் வலியின்றி முடிகிற வரையில் அதில் ஏறாதிருப்பது நலம். மலைப்பாதையில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பு முக்கியம்.

காய்ச்சல், தையலில் சீழ், சிறுநீர் இறங்காமை, வயிறு உப்பி வாந்தி, விரைப்பை வேகமாகப் பெருத்தல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகிய இவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் புதூர்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடவோ, 108-ஐ அழைக்கவோ வேண்டும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே, வலை வைத்திருக்கிறதா, தையல் தானாகக் கரைவதா அல்லது பிரிக்க வேண்டியதா, பிரிக்க வேண்டியதானால் அதை மலையிலேயே பிரித்துக்கொள்ளலாமா என்பவற்றைக் கேட்டு, வைத்தியர் கையாலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.