ஈடாவின் உறவினர் யாவர்?

கல்லிலே பதிந்த சிறு பிராணியொன்று, தன் உறவினர் யாவர் என்னும் வினாவினால் உலகத்து விஞ்ஞானிகளைப் பெரும் விவாதத்தில் ஆழ்த்திய வரலாற்றை இங்கு நோக்குவோம்.

ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்கு அண்மையில் மெசெல் என்னும் குழி உண்டு. முன்னாளில் எண்ணெய் வடிப்பதற்காக அங்கே கல் அகழ்ந்தனர். பண்டைக் காலத்தில் அஃது ஆழமான ஏரியாக இருந்தது. அதன் அடியில் பிராணவாயு இன்மையால், மூழ்கிய உடல்கள் சிதையாது சேற்றில் புதைந்தன. 1983ஆம் ஆண்டில் அங்கு கிடைத்த உயிர்ச்சுவடொன்று இரு பலகைகளாகப் பிரிந்து வெவ்வேறு கைகளுக்குச் சென்றது. முழுமை மிக்க பலகையைப் பின்னர் நோர்வேயின் ஒஸ்லோ நூதனசாலை வாங்கிற்று. யோர்ன் ஹூரும் முதலிய அறிஞர்கள் அதனை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டனர். டார்வின் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. ஆதலால் ‘டார்வினியஸ்’ எனப் பெயரிட்டனர். ‘ஈடா’ என்பது அதன் செல்லப் பெயர்.

ஈடா 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இளம் பெண் விலங்கு. வாலுடன் சேர்த்து நீளம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. என்புகளில் நூற்றுக்கு 95 பங்கு எஞ்சியிருந்தது. உரோமத்தின் சாயலும், இறுதியாக உண்ட பழமும் இலையுங்கூடக் கல்லில் தங்கியிருந்தன!

நம் நாட்டுத் தேவாங்கின் கீழ்வாய் முன்பற்கள் சீப்புப் போல் அமைந்தவை. காலின் இரண்டாம் விரலில் உரோமம் கோதுவதற்கான நகம் உண்டு. மடகஸ்கார் தீவின் லெமூருக்கும் இவ்விரண்டும் உள. ஈடாவிடம் இவை இல்லை. ஆகவே, குரங்கும் மனிதனும் தோன்றிய கிளைக்கே அது நெருங்கியது என அவ்வறிஞர்கள் கருதினர். “மனிதனின் மூதாதை கிடைத்துவிட்டது” என்று பத்திரிகைகள் முழங்கின.

அவ்வாண்டு ஒக்டோபரிலேயே மறுப்பு வந்தது. எரிக் சைபேர்ட் குழுவினர் எகிப்தின் பாயூம் பகுதியிற் கிடைத்த, 3 கோடியே 70 இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள ‘அப்ராடாபிஸ்’ என்னும் விலங்கின் தாடையையும் பற்களையும் ஆராய்ந்தனர். வாழ்வனவும் மறைந்தனவுமாக 117 இனங்களை, 360 உறுப்பியல்புகள் கொண்டு ஒப்பிட்டனர். ஈடாவும் அப்ராடாபிஸும் லெமூர், தேவாங்கு ஆகியவற்றின் பக்கமே சேர்ந்தன. சீப்புப் பல், ஈடாவின் கிளை பிரிந்த பின்னரே தேவாங்கின் வழியில் தோன்றியிருத்தல் கூடும். குரங்குடன் ஒத்த இயல்புகளோ தனித்தனியே தோன்றியவை. திமிங்கிலம் மீனைப் போன்றிருப்பினும் மீனன்று அல்லவா? அறிஞர் பெரும்பாலோர் இன்று ஏற்பது இம்முடிவையே.

இதனால் ஈடாவின் பெருமை குன்றிவிடவில்லை. இத்துணை முழுமையான பழஞ்சுவடு கிடைத்தல் அரிது. ஆயினும் உறவை உறுதி செய்வது ஒரு சுவடியின் அழகன்று. பலவற்றை ஒப்புநோக்கும் பொறுமையே. உடைந்த தாடையொன்று முழு என்புக்கூட்டின் கதையைத் திருத்தியதை நம் மாணவர்கள் மறத்தலாகாது. இரவில் மரக்கிளையில் ஊர்ந்து செல்லும் தேவாங்கைக் காணும்போது, அதன் தூரத்து உறவினளான ஈடாவையும் நாம் நினைத்துக்கொள்வோமாக.